கிடாரத்தில் வேகாத சோறு

அத்தியாயம் ஆறு

மடத்தின் எரிந்துபோன பக்கத்தில் சேதமில்லாமல் நின்றது பெயர்ப்பலகை ஒன்றுதான்.

'தெய்வேந்திரம் குடும்ப ஞாபகார்த்த மண்டபம்' என்று தங்க நிற எழுத்தில் மின்னிய அந்தப் பலகையைக் கண்ட நேரத்திலிருந்தே தயாளினிக்குக் கோபம் அடங்கவில்லை. போன வருசம்வரைக்கும் அதே சுவரில் 'துறைமுகத்தார் மடம்' என்று நீலத்தில் எழுதியிருந்தது. சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் வரும்போது எத்தனையோ தடவை அதை வாசித்திருக்கிறாள்.

"நெருப்புக்கும் படிப்பறிவு இருக்கு அக்கா," என்றான் நுஸ்கி. "பெரிய ஆளின்ர பேரை வாசிச்சிட்டு ஒதுங்கிப் போயிருக்கு."

நுஸ்கி கிண்ணியாக்காரன். தயாளினியின் துப்பறியும் கந்தோரில் ஓட்டோ ஓட்டுவது, ஆள் தேடுவது, படம் எடுப்பது எல்லாம் அவன்தான். வாயை மூடி வைத்திருப்பது மட்டும் அவனுக்கு ஏலாத வேலை. தயாளினி முன்பு காப்புறுதிக் கம்பனி ஒன்றில் நட்டஈட்டு விசாரணை செய்தவள். எரிந்த கடைகளையும் மூழ்கிய வள்ளங்களையும் பார்த்துப் பார்த்து, பொய் சொல்கிறவன் எப்போதும் தேவைக்கு மேல் ஒரு வசனம் சொல்வான் என்ற ஒரே பாடத்தோடு அந்த வேலையை விட்டு வந்தவள்.

இந்த வழக்கில் அவளைத் தேடி வந்தவள் சுதர்ஷிகா. துறையடிப் பிள்ளையார் கோயிலை ஒட்டிய இந்த மடத்தில் வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குப் பல வருசமாகச் சமைத்து வருபவள். மற்றவர்கள் கந்தோருக்கு வந்தால் நான் செய்யவில்லை, அதை நிரூபித்துத் தாருங்கள் என்பார்கள். சுதர்ஷிகா பன்டேஜ் சுற்றிய கையோடு கதிரை நுனியில் இருந்துகொண்டு கேட்டது வேறு.

"நான்தான் எரிச்சனானோ எண்டு எனக்குத் தெரியோணும் மிஸ். நான் எண்டால், நான் எண்டு சொல்லிப்போடுவன்."

இரண்டு கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அடுப்பை அணைத்துவிட்டு அதே தெருவில் இருந்த ஒரு செத்தவீட்டுக்குப் போனதாக அவள் சொன்னாள். மத்தியானம் கூக்குரல் கேட்டு ஓடி வந்தபோது மடத்துக் கூரையில் பாதி நெருப்பாக இருந்தது. உள்ளே கிடந்த பாய்களை இழுக்கப் போய்த்தான் கை வெந்தது. அவசரத்தில் அடுப்பைச் சரியாக அணைத்தேனா இல்லையா என்பதுதான் அவளை அரித்தது.

அந்தச் சந்தேகத்தைத்தான் கோயில் பரிபாலன சபைத் தலைவர் தெய்வேந்திரம் பிடித்துக்கொண்டார். இன்று பின்னேரம் மடத்திலேயே பொதுக்கூட்டம். அங்கே அவள் எழுந்து நின்று, தன் கவனக்குறைவால்தான் மடம் எரிந்தது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். சொன்னால் பொலிஸில் போட்ட முறைப்பாட்டைத் திருப்பி எடுப்பாராம். அதற்குப் பிறகு மடம் ஆபத்தான கட்டடம் என்று தீர்மானம் போட்டு இடித்துவிட்டு, துறைமுக வீதியைப் பார்த்தபடி மூன்று மாடி விடுதி கட்டுவாராம். விடுதியின் படம் ஏற்கெனவே கீறியாகிவிட்டது. எரிந்த மரத்தின் மணம் போகமுதல் கொழும்பிலிருந்து படம் வந்து சேர்ந்த வேகத்தைப் பார்த்துத்தான் தயாளினி இந்த வேலையை ஒப்புக்கொண்டாள்.

காலையில் தெய்வேந்திரமே அவளைத் தேடி மடத்துக்கு வந்தார். கொழும்பில், வெள்ளவத்தையில் இருப்பவர். கோயில் அலுவல் என்றால் வெள்ளிக்கிழமைகளில் வாகனத்தில் வந்துபோவார். தூய வெள்ளை வேட்டி, பட்டுச் சால்வை, நிதானமான குரல். சுதர்ஷிகா நல்ல பிள்ளை, ஆனால் கவனமில்லாத பிள்ளை என்றார். அன்றைக்குத் தான் மத்தியானப் பூசைக்கு நின்றதாகவும், தீபாராதனை பார்த்துத் திருநீறு பூசிக்கொண்டு வெளியே வர, மடத்து அடுப்படியிலிருந்து தீ கூரைக்கு ஏறுவதைக் கண்டதாகவும் சொன்னார். பொலிஸுக்கும் அதையே சொல்லியிருந்தார்.

"சாமிக்கு முன்னால நிண்டுட்டு வந்த மனுசன் பொய் சொல்லுவனே தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு அவர் வாகனத்தில் ஏறிப் போனார்.

"தேவைக்கு மேல ஒரு வசனம்," என்றாள் தயாளினி.

"சாமியைச் சாட்சிக்கு இழுக்கிறார். சாமிக்குச் சம்மன் அனுப்ப ஏலாது எண்ட துணிவு," என்றான் நுஸ்கி.

மடம் நீண்ட கட்டடம். எரிந்தது மேற்கு முனை. அடுப்படி இருந்தது கிழக்கு முனை. நடுவில் கூரையில் தொங்கிய காய்ந்த தோரணங்கள் வழியாகத் தீ பரவியது என்பது தலைவரின் விளக்கம். நுஸ்கி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து பார்த்தான்.

"இடையில ரெண்டு பஸ் நிப்பாட்டலாம். அடுப்பிலயிருந்து வெளிக்கிட்ட நெருப்பு, இங்க ஒண்டையும் தொடாமப் போய், அங்க மட்டும் இறங்கியிருக்கு. எக்ஸ்பிரஸ் நெருப்பு போல."

தயாளினி பொலிஸ் கட்டியிருந்த நாடாவுக்குக் கீழால் குனிந்து அடுப்படிக்குள் போனாள். தீ விபத்துக்குப் பிறகு யாரையும் அதற்குள் விடவில்லை. சுதர்ஷிகாவையும் விடவில்லை. பெரிய கல்லடுப்பு, அதன்மேல் ஒரு பக்கம் சாய்ந்தபடி சோறு காய்ச்சும் கிடாரம். அவள் கிடாரத்துக்குள் கையை விட்டு, காய்ந்து ஒட்டிக் கிடந்த சோற்றில் கொஞ்சம் சுரண்டி எடுத்தாள். ஒரு பருக்கையை நகத்தால் உடைத்தாள். உள்ளே சுண்ணாம்புக் குறுணி போல வெள்ளையாக, கடினமாக இருந்தது.

"அரைவாசிதான் வெந்திருக்கு," என்றாள்.

"எங்கட வீட்டில இப்பிடிச் சோறு வந்தா மனுசியோட ரெண்டு நாள் கதைக்க ஏலாது."

"பகிடியை விட்டுட்டு அடுப்பைப் பாரும்."

அடுப்பில் சாம்பல் கட்டியாக இறுகிக் கிடந்தது. தண்ணீர் ஊற்றினால் அப்படித்தான் இறுகும், தீயணைப்புக்காரர் அடித்த தண்ணீராக இருக்கலாமே என்றான் நுஸ்கி. தயாளினி ஒரு கட்டியைப் பெயர்த்து அவன் கையில் வைத்தாள். அதன் மேல் வெள்ளையாக ஒரு தோல் படிந்திருந்தது. தோலுக்குள் அங்கங்கே சோற்றுப் பருக்கைகள்.

"கஞ்சி," என்றாள். "தீயணைப்புக்காரர் கஞ்சி அடிக்கிறதில்லை. கிடாரத்தை அப்பிடியே சரிச்சு, கொதிச்ச கஞ்சித் தண்ணியை அடுப்புக்குள்ள ஊத்தியிருக்கிறா. அதுக்குப் பிறகு இந்த அடுப்பில ஒரு பொறியும் எழும்பேல்ல. எழும்பியிருந்தா இந்தத் தோல் கருகி வெடிச்சிருக்கும்."

நுஸ்கி கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, இது சுதர்ஷிகா அக்காவைக் காப்பாற்றும், ஆனால் எரித்தவனைக் காட்டாது என்றான். சாம்பல் கட்டியைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டினால் தலைவர் சிரித்துவிட்டுப் படத்தை விரிப்பார். இன்றைக்கே இடிக்கத் தீர்மானம் போட்டுவிடுவார்கள்.

தயாளினிக்கு அதுவல்ல யோசனை. சமையல் முடிந்து அடுப்பை அணைத்துவிட்டுத்தான் சுதர்ஷிகா செத்தவீட்டுக்குப் போனாள் என்று அவள் தானாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவேயில்லை. வெள்ளிக்கிழமை, அன்னதானம், தெரு முழுக்கச் சாப்பிட வரும் நாள். அரைவாசி வெந்த சோற்றைக் கிடாரத்தோடு சரித்து அடுப்பை ஏன் ஒரு சமையல்காரி அணைக்க வேண்டும்? தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. சுதர்ஷிகாவுக்கு அழைப்பு எடுத்தாள். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

"செத்தவீடு எது?" என்று கேட்டாள்.

தெருவுக்கு வந்தார்கள். மின்கம்பங்களுக்கு இடையில் கட்டிய வெள்ளைக் கொடிகள் வெயிலில் நைந்து இன்னும் தொங்கின. கொடிகள் கோயில் மூலையில் தொடங்கி, சிலுவை வைத்த ஒரு சின்ன வீட்டு வாசலில் முடிந்தன. செத்தவர் இக்னேசியஸ், துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கிய மனிதர். அவருடைய மகள் ஞானமலர் குசினி வாசலில் சூடை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். துறைமுகக் கன்ரீனில் வேலை செய்பவள், ஐம்பதைக் கடந்தவள். நுஸ்கியை அவளுக்கு முன்பே தெரியும். இருவரையும் இருக்கச் சொன்னாள், கத்தியைக் கீழே வைக்கவில்லை.

சுதர்ஷிகாவைப் பற்றிக் கேட்டதும் அவளுக்குக் கோபம் பொங்கியது. அப்பாவின் உடம்பைக் கழுவித் துடைக்கக் கை கொடுத்தவள் அவள், அவளைப் போய்க் கள்ளி மாதிரிக் கூட்டத்தில் நிறுத்தப்போகிறார்களாமே என்றாள். எத்தனை மணிக்கு வந்தாள் என்று தயாளினி கேட்டாள். மணி தெரியாது என்று ஞானமலர் மீன் செதிலைத் தட்டிவிட்டாள்.

"குருக்கள் கோயிலைப் பூட்டின கையோட வந்தவள்."

தயாளினி நிமிர்ந்தாள். "கோயிலைப் பூட்டினவரோ? ஏன்?"

"அப்பா செத்ததுக்கு."

"மலரக்கா," என்றான் நுஸ்கி, "உங்கட அப்பா வேதம். அது பிள்ளையார் கோயில்."

ஞானமலர் அவனை ஒரு விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"அதுக்கு? இந்தத் தெருவில ஆர் செத்தாலும் பிரேதம் வெளிக்கிடுமட்டும் கோயில் திறவாது. மணி அடிக்காது. மடத்தில அடுப்பும் எரியக்கூடாது, எரிஞ்சா அணைக்கோணும். வேதமோ முஸ்லிமோ சைவமோ, எல்லாருக்கும் ஒண்டுதான். உங்கட ஆள் லாபிர் காக்கா மவுத்தான அண்டைக்கும் பூட்டினதுதானே."

தயாளினியின் ஊரிலும் செத்தவீடு என்றால் கோயில் பூட்டுவார்கள். ஆனால் அது சைவ வீடாக இருந்தால்தான். இப்படி ஒரு வழக்கத்தை அவள் கேள்விப்பட்டதில்லை. எப்போதிருந்து என்று கேட்டாள்.

ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட காலத்திலிருந்து என்றாள் ஞானமலர். அவளுடைய அப்பப்பா அன்றைக்குக் கப்பலில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்தவர். செத்த கூலிகளைத் தூக்கி வந்து கிடத்த வேறு இடம் இல்லாமல், அவர்கள் தாங்களே காசு போட்டுக் கட்டிய இந்த மடத்தில்தான் கிடத்தினார்கள். கருகிப்போன உடம்புகள். எது சைவன், எது முஸ்லிம், எது வேதக்காரன் என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. யாருக்குப் பூட்டுவது, யாருக்குத் திறப்பது? அன்றைக்கிருந்த குருக்கள் எல்லோருக்குமாகக் கோயிலைப் பூட்டிவிட்டு வந்து அவர்களோடு இருந்தாராம்.

"அண்டைக்குப் பூட்டினதை இண்டைவரைக்கும் ஒருத்தரும் மாத்தேல்ல," என்றாள். "பலகையில பேரை மாத்தினவருக்கு இது தெரியுமோ தெரியாது."

நுஸ்கி மெதுவாகத் தயாளினியைத் திரும்பிப் பார்த்தான்.

"அக்கா, பூட்டிக் கிடந்த கோயிலுக்குள்ள தீபாராதனை பார்த்த மனுசனை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

தெய்வேந்திரம் தன் கதையைப் பொலிஸுக்குச் சொன்னார், கொழும்பிலிருக்கும் சபைக்காரருக்குச் சொன்னார், தயாளினிக்குச் சொன்னார். இந்தத் தெருவுக்கு மட்டும் முழுதாகச் சொல்லவில்லை. தலைவர் கண்டவராம் என்பதோடு தெருவுக்கு வந்த செய்தி நின்றுவிட்டது. எந்தப் பூசை, எந்தத் திருநீறு என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு கிழமைக்கு முன்பே இது முடிந்திருக்கும்.

தயாளினி நேரே குருக்கள் வீட்டுக்குப் போனாள். கேட்டது ஒரே கேள்வி. அன்றைக்குக் காலைப் பூசையோடு நடை சாத்தியது, மறுநாள் பிரேதம் போன பிறகுதான் திறந்தது என்றார் அவர். தலைவர் என்ன சொல்லியிருக்கிறார் என்று கேட்டதும் அவருடைய முகம் கறுத்தது. கூட்டத்துக்கு வந்து பின்னால் இருங்கள், நான் கேட்கும்வரை கதைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

பின்னேரம் மடம் நிறைந்துவிட்டது. எரியாத பாதியில் கதிரைகள் போட்டிருந்தார்கள். கன்ரீன் பெண்கள், படகுக்காரர், கிண்ணியாவிலிருந்து துறைமுக வேலைக்கு வருகிறவர்கள் என்று தெருவே வந்திருந்தது. முன்வரிசையில் சபைக்காரர். மேசையில் விடுதியின் படம் சுருட்டி வைத்திருந்தது. சுதர்ஷிகா பக்கச் சுவரோரமாக, யாருடைய முகத்தையும் பாராமல் நின்றாள். தயாளினி அவளுக்குப் பக்கத்தில் போய், நீ ஒன்றும் சொல்லாதே, கொஞ்சம் பொறு என்று காதோடு சொன்னாள்.

தெய்வேந்திரம் சுதர்ஷிகாவைக் கூப்பிட முன்பே தயாளினி முன்னுக்கு வந்துவிட்டாள். தான் அந்தப் பிள்ளையின் பக்கம் விசாரிக்க வந்தவள் என்றும், குற்றத்தை ஒப்புக்கொள்ள முன்னர் கண்ணால் கண்ட சாட்சியை எல்லோரும் கேட்பதுதானே முறை என்றும் பணிவாகக் கேட்டாள். சபைக்காரர் தலையாட்டினார்கள். தெய்வேந்திரம் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

அவர் நன்றாகவே சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானம். பிள்ளையார் சந்நிதி. தான் முன்னால் நின்றது. மணி அடித்தது. தீபாராதனை காட்டியது. சபையில் முதலில் ஒரு சின்ன அசைவு, பிறகு ஒருவரும் இருமக்கூட இல்லை. அந்த அமைதியை அவர் மரியாதை என்று நினைத்துக்கொண்டார். அதனால் இன்னும் கொஞ்சம் கூட்டினார். குருக்கள் தன் கையில் தீர்த்தம் தந்ததையும், அந்த ஈரம் காயமுதல் தீயைக் கண்டதையும் சொன்னார்.

"அண்டைக்கு நான் ஒருத்தருக்கும் தீர்த்தம் குடுக்கேல்ல," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தயாளினி கேட்கும்வரை பொறுக்கக் குருக்களால் முடியவில்லை. எழுந்து நின்றார். "கோயில் பூட்டியெல்லோ கிடந்தது."

தெய்வேந்திரம் அவரையும் தயாளினியையும் மாறி மாறிப் பார்த்தார். இது ஏதோ ஏற்பாடு என்று நினைத்திருக்க வேண்டும். குரலை உயர்த்தினார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலை ஏன் பூட்டோணும்?"

"தெருவில செத்தவீடு, ஐயா," என்றாள் தயாளினி.

"எந்தச் செத்தவீடு? அந்த இக்னேசியஸோ? ஒரு வேதக்காரன் செத்ததுக்கு எங்கட கோயிலை ஏன் பூட்டோணும்?"

ஞானமலர் மூன்றாம் வரிசையில் இருந்தாள். அவளைச் சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கோயிலுக்கு இத்தனை வருசம் தலைவராக இருந்த மனிதருக்கு, அந்தத் தெருவில் குழந்தைக்கும் தெரிந்த வழக்கம் தெரியவில்லை என்பது அவர்களுக்கு அப்போதுதான் விளங்கியது. இரண்டாம் வரிசையில் ஒரு வயதான படகுக்காரர், "எங்கட கோயிலோ?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த சூட்டில் சபைக்காரர் ஒருவர் தன் கதிரையைத் தலைவரின் மேசையிலிருந்து பின்னுக்கு இழுத்தார்.

தெய்வேந்திரம் அவசரமாகத் திருத்தப் பார்த்தார். பூசை வேறு வெள்ளிக்கிழமையாக இருக்கலாம், மாறிப்போயிருக்கலாம் என்றார். தீயைக் கண்டது உண்மை என்றார். பிறகு, தேவைக்கு மேல் அந்த ஒரு வசனத்தையும் சொன்னார்.

"நான் அண்டைக்குப் பின் ஒழுங்கையால வந்தனான். கோயில் முன்கதவு பூட்டிக் கிடந்தது எனக்கு எப்பிடித் தெரியும்?"

தயாளினி திரும்பி அந்த ஒழுங்கையின் பக்கம் கையைக் காட்ட, சபையின் முகங்களும் அங்கே திரும்பின. அது கோயிலுக்குப் போகாது. அடுப்படிக்கும் போகாது. மடத்தின் மேற்கு முனையில், கூரை எரிந்து வானம் தெரிந்த அந்த மூலையில் வந்து முடியும். அதற்கப்பால் கடல்தான். அவள் அதை வாயால் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்தத் தெருக்காரருக்கு ஒழுங்கை தெரியும்.

"எக்ஸ்பிரஸ் இறங்கின இடம்," என்று நுஸ்கி முணுமுணுத்தான். இம்முறை அவன் குரலில் பகிடி இல்லை.

பிறகு தயாளினி சுதர்ஷிகாவிடம் திரும்பி, கிடாரத்தையும் கஞ்சியையும் சாம்பலின் தோலையும் பற்றிச் சொன்னாள். நீ அணைத்தது அணைந்துதான் இருந்தது, ஒரு பொறியும் மிச்சமில்லை என்றாள். சுதர்ஷிகா கேட்டுக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று தயாளினி எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை. சுவரை விட்டு விலகி, கதிரைகளுக்கு நடுவால் நடந்து தலைவரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ரெண்டு கிழமையா நான் நித்திரை கொள்ளேல்ல ஐயா. கண்ணை மூடினா அந்த அடுப்புக்குத்தான் தண்ணி ஊத்திக்கொண்டு நிக்கிறன். ஊத்த ஊத்த அணையாது. நான் எரிச்சுப்போட்டன் எண்டு என்ர வாயால என்ர பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன்." அவள் குரல் உயரவில்லை. "நீங்கள் அண்டைக்கு அந்த மூலையில என்ன செய்தனீங்கள்?"

தெய்வேந்திரம் வாசலைப் பார்த்தார். வாசலில் நின்றவர்கள் நகரவில்லை. அவர் சால்வையால் கழுத்தைத் துடைத்தார்.

"நான் என்ர லோயரோட கதைக்காமல் ஒண்டும் சொல்ல மாட்டன்."

"கதையுங்கோ," என்றாள் சுதர்ஷிகா.

முன்வரிசைச் சபைக்காரர் ஒருவர் அவசரமாக எழுந்து தன் கதிரையை அவளுக்கு விட்டார். அவள் அதை இழுத்து, தலைவருக்கு நேரே போட்டு, இருந்துகொண்டாள்.

"நாங்கள் இஞ்சதான் இருப்பம்."